புது மாடல் ஏர் ரைஃபிளுக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்கலாமா?

திருநெல்வேலியிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகளுக்கு 14 வயது, கிளப்பில் இருக்கும் பழைய ரைஃபிளை வைத்து 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள், 60 ஷாட்டுக்கு 605 பக்கம் வருகிறது. இப்போது சொந்தமாக ஒன்று வாங்கித் தர வேண்டும். கோச் சமீபத்தில் வந்த புது மாடலைச் சொல்கிறார், வரியெல்லாம் சேர்த்துக் கைக்கு வரும்போது நான்கு லட்சத்தைத் தொடுகிறது. வேறொரு ஷூட்டரிடம் அதே கம்பெனியின் முந்தைய மாடல், ஆறு வருடம் ஓடியது, பாதி விலைக்குக் கிடைக்கிறது. அடுத்த மாதம் விலை ஏறப்போகிறது, சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்று டீலர் வேறு நெருக்குகிறார். புதுசு உண்மையிலேயே அவ்வளவு நன்றாகச் சுடுமா, இல்லை பேருக்குக் கொடுக்கிற காசா என்பது அவர் கேள்வி. லைசென்ஸ் வேண்டுமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறார்.

கேள்வி ரைஃபிளைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உங்கள் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். என் பெண் 605-லேயே நிற்பதற்குக் கையில் இருக்கும் ரைஃபிள் காரணமா, நான் காசு பார்த்து அவளைப் பின்னால் இழுக்கிறேனா, இதுதானே உறுத்துகிறது? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 605-ல் ரைஃபிள் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, அது பழுதில்லாமல் இருந்து அவள் உடம்புக்கும் பொருந்தியிருந்தால். முந்தைய மாடலை வாங்குங்கள், கீழே சொல்கிற சோதனைகளில் அது தேறினால். மிச்சமாகும் பணத்துக்கு இதைவிட நல்ல செலவுகள் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன்.

நான் மாநில அளவில் பல வருடம் சுட்டவன், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், ரைஃபிள் சர்வீசும் பார்க்கிறேன். டீலர் இல்லை, எந்தக் கம்பெனியோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. உங்கள் மகள் சுடுவதை நான் பார்த்ததில்லை, அவளுடைய உயரம், கை நீளம், நிற்கும் விதம் எதுவும் தெரியாது. அதனால் கணக்கில் வருவதை உறுதியாகச் சொல்ல முடியும், உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிற விஷயங்களை உங்கள் கோச்சிடமே விட்டுவிடுகிறேன்.

முதலில் டார்கெட்டைப் பார்ப்போம், மற்றதெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. 10 மீட்டர் தூரத்தில் இருக்கும் அந்த அட்டையில் பத்து என்பது 0.5 மி.மீ விட்டமுள்ள ஒரு புள்ளி. சுடுகிற சின்ன ஈயக் குண்டான பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைத்துவிடும், அதாவது ஓட்டையின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து 2.5 மி.மீ-க்குள் இருந்தால் போதும். அங்கிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ உள்ளே வரும்போதும் 0.1 கூடும். கடைசியில் 10.9 வேண்டுமென்றால் மையத்திலிருந்து கால் மி.மீ-க்குள் விழ வேண்டும். இதை வைத்து உங்கள் மகளின் ஸ்கோரைப் பிரித்துப் பார்க்கலாம். 605-ஐ 60-ஆல் வகுத்தால் ஷாட்டுக்கு 10.08. அப்படியென்றால் அவளுடைய ஷாட்கள் சராசரியாக மையத்திலிருந்து சுமார் 2.2 மி.மீ தள்ளி விழுகின்றன. சர்வதேசப் போட்டியில் 630 சுடுகிறவருக்கு இது சுமார் 1.1 மி.மீ. அவள் தாண்ட வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு மி.மீ சொச்சம்.

இந்த ஒரு மி.மீ-யில் ரைஃபிளின் பங்கு எவ்வளவு? ரைஃபிளைக் கிளாம்பில் இறுக்கி, மனிதக் கையே படாமல் ஐந்து ஷாட் சுட்டுப் பார்ப்பது வழக்கம். நன்றாகப் பராமரித்த பத்துப் பதினைந்து வருடப் பழைய மேட்ச் ரைஃபிள், அதாவது போட்டிக்கென்றே செய்த ரைஃபிள், அதற்கு ஒத்துவரும் பெல்லட்டோடு, ஐந்தையும் மையத்துக்கு மையம் ஒரு மி.மீ அளவுக்குள் போட்டுவிடும். புது ரைஃபிளோடு வரும் டெஸ்ட் கார்டில் ஐந்து ஷாட்டும் சேர்ந்து ஒரே ஓட்டை போலவே தெரியும், அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வந்துவிடும், எனக்கும் வரும். சரி, பழையது தன் பங்குக்கு ஷாட்டுக்கு 0.35 மி.மீ விலகுகிறது, புதுசு 0.2 மி.மீ-தான் விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதுசுக்குத் தாராளமாகவே கொடுத்திருக்கிறேன். ஆனால் ரைஃபிளின் பிழையும் சுடுகிறவரின் பிழையும் நேராகக் கூடுவதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத திசையில் போவதால் வர்க்கமாகக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும், அப்போது பெரிய பிழை சின்னதை விழுங்கிவிடும். 2.2 மி.மீ விலகுகிறவருக்கு இந்தக் கணக்கைப் போட்டால் புது ரைஃபிளால் மிச்சமாவது ஷாட்டுக்கு 0.02 மி.மீ கூட இல்லை, 60 ஷாட்டுக்கு அரைப் புள்ளிக்கும் குறைவு. நேற்று இரவு சரியாகத் தூங்கினாளா என்பதே அவள் ஸ்கோரை இதைவிட அதிகமாக மாற்றும்.

அதே கணக்கை 1.1 மி.மீ விலகுகிறவருக்குப் போடுங்கள். இப்போது 60 ஷாட்டுக்கு 0.9 புள்ளி அளவுக்கு வருகிறது. அங்கே அது சின்ன விஷயமே இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் பெண்கள் தகுதிச் சுற்றில் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாக இறுதிச் சுற்றுக்குப் போனார். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்தார், பத்தாவது இடம், இறுதிக்கு எட்டுப் பேர்தான். நடுவில் 0.8 புள்ளி. 60 ஷாட்டில் மொத்தமாகக் கூட்டினால் ஓட்டைகள் 2 மி.மீ உள்ளே தள்ளி விழுந்திருந்தால் கிடைத்திருக்கும் வித்தியாசம். இதை வைத்து அவருடைய ரைஃபிளைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த உயரத்தில் எல்லோர் கையிலும் இருப்பதிலேயே சிறந்ததுதான் இருக்கும். அங்கே நிற்கிறவருக்கு நான்கு லட்சம் நியாயமான விலை என்பதற்காகச் சொல்கிறேன். ஒரே ரைஃபிள், ஒரே விலை, அதைத் தோளில் வைக்கிற ஆளைப் பொறுத்து அதன் மதிப்பு மாறுகிறது. கம்பெனி கேட்லாக்கில் இது எங்கேயும் எழுதியிருக்காது.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 2008-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ககன் நாரங் தகுதிச் சுற்றில் 600-க்கு 600 எடுத்தார். அப்போது தசமக் கணக்கு தகுதிச் சுற்றுக்குக் கிடையாது, 10.0-உம் 10.9-உம் ஒரே பத்துதான். அதனால் அன்றைய 600 இன்றைய 600 இல்லை, இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் ஒன்று தெரிகிறது. அந்தக் காலத்து ரைஃபிள், ஆள் சரியாக இருந்தால், 60 ஷாட்டையும் 2.5 மி.மீ-க்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2013-ல் தகுதிச் சுற்றுக்கும் தசமக் கணக்கு வந்த பிறகுதான் 10.2-க்கும் 10.6-க்கும் வித்தியாசம் பெரிதானது. சின்னச் சின்ன அதிர்வுகளைக் குறைப்பதில் கம்பெனிகள் இவ்வளவு பணம் போடுவதற்கும், அது விலையில் ஏறியதற்கும் அது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்குத்தான் போகிறது? வேகத்துக்கு இல்லை. ஜெர்மனியில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள ஏர் ரைஃபிளின் ஆற்றலுக்கு 7.5 ஜூல் வரம்பு உண்டு, பெரிய கம்பெனிகளில் பல அங்கே இருப்பதால் எல்லா மேட்ச் ரைஃபிளும் அதை ஒட்டியே அமைந்தவை. பழசும் புதுசும் வினாடிக்கு 170 மீட்டர் பக்கம்தான். பேரலுக்கும் பெரிதாக இல்லை, நல்ல மேட்ச் பேரல் செய்வது எப்படி என்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே கைவந்த வித்தை. ஏர் ரைஃபிள் 1984-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக்ஸுக்குள் வந்தது. அதற்கு முன் ஃபைன்வெர்க்பாவ் 300 மாதிரி ஸ்பிரிங் ரைஃபிள்கள் ஆண்டன. அதில் ரீகாயில் என்கிற பின்னுதைப்பு தோளுக்கு வராமல் இருக்க, சுடும்போது மேல்பகுதி முழுவதும் ஸ்டாக்கின், அதாவது தோளிலும் கையிலும் தாங்கும் உடல்பகுதியின், மேல் ஒரு தண்டவாளத்தில் பின்னால் நகரும். பிறகு 1980-களில் ஃபைன்வெர்க்பாவ் 600 வரிசை போல, பக்கவாட்டு லீவரை ஒரு முறை இழுத்தால் அந்த ஷாட்டுக்கான காற்று அடைபடும் வகை வந்தது. இவற்றின் துல்லியம் இன்றைக்கும் மரியாதைக்குரியது. ஆனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் லீவரை இழுக்கும்போது நின்ற நிலை கலையும், தோளும் இடுப்பும் திரும்ப அதே இடத்துக்கு வர வேண்டும். பிறகு 200 பார் அழுத்தத்தில் நிரப்பும் சிலிண்டர் வந்தது, சில நூறு ஷாட்டுக்கு லீவரே வேண்டாம் என்றானது. அந்தத் தாவல் உண்மையான தாவல், அதற்குப் பணம் கொடுத்தவர்கள் ஏமாறவில்லை. உங்கள் கிளப் ரைஃபிள் லீவர் வகையாக இருந்தால் சிலிண்டர் வகைக்கு மாறுவதே அவளுக்கு நல்ல முன்னேற்றம், அது முந்தைய மாடலிலும் அப்படியே கிடைக்கிறது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் படிப்படியான திருத்தங்கள்.

அந்தத் திருத்தங்களில் நான் முழு மனதோடு மதிப்பது ஸ்டாக்கைத்தான். பழைய மர ஸ்டாக்கில் தோளில் பதியும் பட் பிளேட்டும் கன்னம் வைக்கும் சீக் பீஸும் கொஞ்சம் மேலே கீழே போகும், அவ்வளவுதான். அலுமினிய ஸ்டாக்கில் நீளம், கன்னம் வைக்கும் உயரம், அது உள்ளே வெளியே போகும் அளவு, பிடியின் கோணம், இடது கை தாங்கும் பகுதியின் உயரம், எடையை முன்னே பின்னே நகர்த்துவது என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆளுக்குத் தகுந்தபடி அமைக்கலாம். நின்று சுடும்போது இடது முழங்கை இடுப்பு எலும்பில் ஊன்ற வேண்டும், கழுத்து நேராக இருக்க வேண்டும், கண் தானாகவே பீப் சைட்டின், அதாவது குறி பார்க்கும் பின்பக்கத் துளையின், நடுவுக்கு வர வேண்டும். எலும்பு தாங்க வேண்டிய எடையைத் தசை தாங்கினால் நாற்பதாவது ஷாட்டுக்கு மேல் ஹோல்டு, அதாவது ரைஃபிளை அசையாமல் பிடித்திருக்கும் நிலை, ஆட ஆரம்பிக்கும். வளர்கிற பிள்ளைக்கு இது இரட்டிப்பு முக்கியம், 14 வயதில் வைத்த செட்டிங் 15-ல் பொருந்தாது. எடையும் அப்படித்தான். விதிப்படி 5.5 கிலோ வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது உச்ச வரம்பு, எல்லோரும் தொட வேண்டிய அளவு இல்லை. மெலிந்த பெண்பிள்ளைக்கு நான்கு, நான்கரை கிலோவில் ஆரம்பித்து உடம்பு தேறத் தேறக் கூட்டுவதுதான் முதுகுக்கு நல்லது. ஆகவே நீங்கள் பார்க்கிற முந்தைய மாடலில் அலுமினிய ஸ்டாக் இருக்கிறதா, அதைக் குறுக்கினால் அவள் அளவுக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் என் பதில் மாறும். உடம்புக்குப் பொருந்தாத மலிவு ரைஃபிள் வாங்குவதைவிட இன்னும் ஆறு மாதம் கிளப் ரைஃபிளிலேயே ஓட்டலாம்.

அடுத்தது அதிர்வு. இந்த வகை ரைஃபிளில் ரீகாயில் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, ஆனால் வால்வு திறந்து காற்று பாயும்போது ஒரு சின்ன உதறல் உண்டு. அதை விழுங்குவதற்கு உள்ளே எதிர்த்திசையில் நகரும் ஒரு எடையை வைக்கிறார்கள், ஆங்கிலத்தில் அப்ஸார்பர் என்பார்கள். புது மாடல்களில் இது முன்னைவிட நன்றாக இருக்கிறது. தோளில் வைத்துச் சுட்டால் வித்தியாசம் தெரிகிறது, ஷாட் போன பிறகும் ஃப்ரண்ட் சைட் கறுப்பு வட்டத்தை விட்டு விலகாமல் நிற்கும். இது ஸ்கோரைக் கூட்டுமா? இங்கே நான் உறுதியாகப் பேசமாட்டேன். ஃபாலோ த்ரூ, அதாவது சுட்ட பிறகும் அசையாமல் நிற்பது, ஏற்கெனவே சுத்தமாக இருப்பவர்களுக்குத் தங்கள் ஷாட்டை வாசிக்க இது உதவுகிறது, எங்கே போயிருக்கும் என்று டிஸ்பிளேயைப் பார்க்காமலே சொல்ல முடிகிறது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களிடம் நான் பார்த்த முன்னேற்றத்தில் எவ்வளவு ரைஃபிளால் வந்தது, எவ்வளவு புதுப்பொருள் கையில் இருக்கிற உற்சாகத்தால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. புது ரைஃபிள் வாங்கிய முதல் மாதம் எல்லோருக்கும் ஸ்கோர் ஏறும், காரணம் அந்த மாதம் எல்லோரும் தினமும் ரேஞ்சுக்கு வருவார்கள்.

எலக்ட்ரானிக் ட்ரிகரைப் பற்றியும் உங்கள் கோச் சொல்லியிருப்பார். வால்தர் எல்ஜி500 ஐடெக் போன்ற மாடல்களில் அது வருகிறது. பிஸ்டல்காரர்களுக்கு இது புதுசு இல்லை, மொரினியின் ஏர் பிஸ்டலில் எத்தனையோ வருடமாக இருக்கிறது. ஏர் ரைஃபிளில் ட்ரிகர் எடைக்கு வரம்பு கிடையாது என்பதால் மெக்கானிக்கல் ட்ரிகரையும் மிக லேசாக வைத்துக்கொள்ளலாம். நல்ல கம்பெனியின் மெக்கானிக்கல் ட்ரிகர் சுத்தமாக, ஒரே இடத்தில் உடையும். எலக்ட்ரானிக்கில் அந்த இடம் தேய்மானத்தால் மாறாது, தட்பவெப்பத்தாலும் அவ்வளவாக மாறாது, அது நன்மை. கெட்டது என்னவென்றால், பழுதானால் இங்கே யாரும் திறந்து பார்த்துச் சரிசெய்ய முடியாது. மெக்கானிக்கலில் ஒரு திருகு தளர்ந்தால் நானோ ரைஃபிள் பழுதுபார்க்கும் உங்கள் ஊர் ஆர்மரரோ அரை மணியில் முடிப்போம். போர்டு போனால் பார்சல் கட்டி அனுப்பி, சுங்கத்தில் காத்திருந்து, திரும்பி வருவதற்குள் ஒரு போட்டி சீசனே போய்விடலாம். நம் கடலோர ஈரப்பதத்தில் பத்து வருடம் ஓடிய எலக்ட்ரானிக் ரைஃபிளை இன்னும் என் மேசையில் பிரித்துப் பார்த்ததில்லை, அதனால் ஆயுளைப் பற்றிப் பயமுறுத்தவும் மாட்டேன், உத்தரவாதமும் தரமாட்டேன். ஒரே ரைஃபிள் வைத்திருக்கப் போகிற பிள்ளைக்கு மெக்கானிக்கல் போதும் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

இப்போது மிச்சமாகிற இரண்டு லட்சம். முதலில் பெல்லட். ஒரு ரைஃபிளுக்கு ஒத்துவராத பேட்ச் பெல்லட் போட்டால் குரூப், அதாவது ஓட்டைகள் சிதறும் அளவு, இரண்டு மடங்கு விரியும், அதன் முன் பழைய மாடல், புது மாடல் வித்தியாசமெல்லாம் ஒன்றுமே இல்லை. ஆர்டபிள்யூஎஸ், ஹெச் அண்ட் என், ஜேஎஸ்பி என்று எந்த கம்பெனி டின்னாக இருந்தாலும் 4.49, 4.50 என்று தலை அளவும் பேட்ச் எண்ணும் டின்னில் இருக்கும். நான்கைந்து பேட்ச்களில் ஒவ்வொரு டின் வாங்கி, கிளாம்பில் வைத்துச் சுட்டுப் பார்த்து, ஒத்துவந்த பேட்சிலேயே ஒரு வருடத்துக்கு வாங்கி வைத்துவிடுங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 80 ஷாட் என்றால் வருடத்துக்குச் சுமார் 20,000 பெல்லட். டின்னுக்கு 500, ஆக 40 டின். உங்கள் ஊரில் மேட்ச் பெல்லட் டின் என்ன விலையோ அதை 40-ஆல் பெருக்கிப் பாருங்கள். ரைஃபிளில் எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு, பெல்லட் வாங்கும்போது கை இழுத்துப் பிடித்து, பிள்ளையை நாளுக்கு 30 ஷாட்டோடு நிறுத்தச் சொல்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும், அந்த நான்கு லட்ச ரைஃபிள் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

அப்புறம் ஜாக்கெட், ட்ரவுசர், ஷூ. அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் முதுகைத் தாங்குகிற விதமே வேறு. விதிப்படி துணி ஒற்றை மடிப்பில் 2.5 மி.மீ-க்கு மேல் தடிமன் இருக்கக் கூடாது, விறைப்புக்கும் கருவி வைத்துச் சோதனை உண்டு, அதில் தேறாவிட்டால் போட்டியன்று உள்ளே விடமாட்டார்கள். வளர்கிற வயதில் இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு முடிந்தால் ஸ்காட் மாதிரியான ட்ரெயினர். பேரலில் மாட்டும் ஒரு சின்னக் கருவி, குறி எப்படி நகர்ந்தது, ட்ரிகர் இழுத்த நொடியில் எங்கே இருந்தது என்று கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டிவிடும். சொந்தமாக வாங்க வேண்டும் என்றுகூட இல்லை, உங்கள் பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் கேட்டு வாங்கி அவளைச் சுட வையுங்கள். ஹோல்டு எட்டாம் வளையம் முழுக்க அலைகிறதா, இல்லை ஹோல்டு நன்றாக இருந்து ட்ரிகர் இழுக்கும்போது மட்டும் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். 605 சுடுகிறவர்களில் நான் பார்த்த பெரும்பாலானோருக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் நோய். தினமும் இருபது நிமிடம் வீட்டுச் சுவரில் ஒரு புள்ளி ஒட்டி, பெல்லட் போடாமல் ட்ரிகரை மட்டும் இழுக்கும் டிரை ஃபயரிங் செய்தால் சரியாகிற நோய், அதற்கு ஒரு பைசா செலவில்லை.

பழையதை வாங்கும்போது எதைப் பார்ப்பது என்பதுதான் உங்களுக்கு இப்போது அதிகம் உதவும். முதல் வேலையாக சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், ரைஃபிளை அப்புறம் பார்க்கலாம். மேட்ச் ரைஃபிள் கம்பெனிகள் சிலிண்டருக்குப் பொதுவாகப் பத்து வருட ஆயுள்தான் கொடுக்கின்றன. தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்வது ஷூட்டரின் பொறுப்பு என்று சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்பின் விதியிலேயே இருக்கிறது, தாண்டியதைப் போட்டிக்குக் கொண்டுபோனால் பிரச்சினைதான். 200 பார் காற்று அடைத்த உலோகக் குழாய் கன்னத்துக்கு அருகில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஆறு வருட ரைஃபிள் என்றால் சிலிண்டருக்கு நான்கு வருடம் மிச்சம், ஆனால் சில சமயம் ரைஃபிள் விற்பதற்கு முன்பே கடையில் தூங்கியிருக்கும், அதனால் பில் தேதியை நம்பாமல் பொறித்த தேதியைப் பாருங்கள். இரண்டு சிலிண்டர் தருகிறார்களா என்று கேளுங்கள், புது சிலிண்டர் விலை குறைவில்லை, பேரம் பேசும்போது இது உங்கள் கையில் இருக்கிற துருப்பு.

பிறகு சிலிண்டரை முழுதாக நிரப்பி ரைஃபிளிலேயே மாட்டி ஒரு இரவு வைக்கச் சொல்லுங்கள். காலையில் அழுத்தம் காட்டும் மானோமீட்டர் முள் இறங்கியிருந்தால் ஏதோ ஒரு ஓ-ரிங் போயிருக்கிறது, அது சின்னச் செலவுதான், ஆனால் விலையில் கழித்துக்கொள்ளலாம். கிரோனோகிராஃப் வைத்துப் பத்து ஷாட் வேகம் பார்க்க வேண்டும். எல்லாம் இரண்டு மூன்று மீட்டர் வித்தியாசத்துக்குள் இருந்தால் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் நலம். முதல் ஷாட் மட்டும் வேகமாகப் போய் மற்றவை இறங்கினால் ரெகுலேட்டர் கசிகிறது, சர்வீஸ் கேட்கும். நம் ஊரில் ஈரத்தை வடிகட்டாத கம்ப்ரஸரில் காற்று நிரப்பியிருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கும். சிலிண்டரைக் கழற்றும்போது வால்வு முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருக்கிறதா பாருங்கள். பீப் சைட்டைப் பத்து க்ளிக் இடது, பத்து க்ளிக் வலது திருப்பினால் ஷாட் அதே இடத்துக்குத் திரும்ப வர வேண்டும். ஸ்டாக்கின் ஆலன் திருகுகளின் தலை உருண்டு போயிருந்தால், அதை வைத்திருந்தவர் பொறுமையில்லாதவர் என்று அர்த்தம், உள்ளேயும் அப்படித்தான் இருக்கும். கடைசியாகக் கிளாம்பில் ஐந்து ஐந்தாக நான்கு குரூப். எல்லாவற்றையும் நீங்கள் செய்யத் தேவையில்லை, கோச்சையோ ஆர்மரரையோ கூட்டிக்கொண்டு போங்கள், விற்கிறவர் இதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எப்போது புதுசு வாங்கலாம்? 620-ஐத் தாண்டி, பயிற்சியில் இல்லாமல் போட்டியிலேயே அது நிலையாக வர ஆரம்பித்து, ஸ்காட் கோடு அமைதியாக இருந்தும் ஓட்டைகள் சிதறினால் அப்போது ரைஃபிள் கேள்விக்குள் வருகிறது. தேசியத் தேர்வுச் சுற்றுகளுக்குப் போகிற நிலை வந்தால் யோசிக்கவே வேண்டாம், வாங்குங்கள். அந்த நிலையில் இன்னொரு வசதியும் உண்டு, தேசிய ரைஃபிள் சங்கத்தின் தகுதி ஸ்கோர் பெற்ற ஷூட்டர்களுக்கு இறக்குமதியில் சுங்கச் சலுகை இருக்கிறது, விதிகள் அவ்வப்போது மாறுவதால் அப்போதைய நிலவரத்தை மாநில சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கு முழு வரி கட்டி வாங்குவதைத் தள்ளிப்போட இதுவே ஒரு நல்ல காரணம். இன்னொரு விதிவிலக்கு, நான்கு லட்சம் உங்களுக்குப் பெரிய தொகையே இல்லை, பெல்லட்டுக்கும் பயணத்துக்கும் கோச்சுக்கும் குறை வராது என்றால் புதுசே வாங்கிக்கொள்ளுங்கள், அவள் வளர்ந்தபின்பும் அது கூடவே வரும், விற்றாலும் ஓரளவு விலை நிற்கும். கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும் என்றால் வேண்டாம்.

லைசென்ஸைப் பற்றியும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். 4.5 மி.மீ-க்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு இந்தியாவில் ஆயுத லைசென்ஸ் தேவையில்லை, மேட்ச் ரைஃபிள் அந்த வரம்புக்குள்தான் வரும். ஆனால் பில்லும் அவளுடைய சங்க அடையாள அட்டையும் பெட்டியிலேயே இருக்கட்டும், பஸ்ஸிலோ ரயிலிலோ போகும்போது கேட்பார்கள். பழையதை வாங்கினால் முதல் உரிமையாளரின் பில்லோடு, உங்கள் பெயருக்கு விற்றதாக ஒரு கடிதமும், அதில் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள்.

டீலர் சொன்ன கெடுவைப் பற்றி. யூரோ ஏறினால் விலை ஏறுவது உண்மை, அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் விலை இருபதாயிரம் ஏறினாலும் உங்கள் முடிவு மாறக் கூடாது, ஏனென்றால் இரண்டு ரைஃபிளுக்கும் நடுவில் இருப்பது இரண்டு லட்சம். முந்தைய மாடல்காரரிடம் ஒரு சனிக்கிழமை நேரம் கேளுங்கள், மகளையும் அவளுடைய ஜாக்கெட்டையும் கூட்டிப்போங்கள், கோச் முன்னால் ஸ்டாக்கை அவள் அளவுக்கு அமைத்து 40 ஷாட்டாவது சுடவிடுங்கள். சிலிண்டர் தேதி, கிரோனோகிராஃப் எண்கள், குரூப் அட்டைகளின் படம் மூன்றையும் இங்கே போட்டால் நான் பார்த்துச் சொல்கிறேன்.